ஐந்து நாள் வகுப்பும் அப்பாவின் சேமநிதியும்

(தைப்பிங்கில் தோட்டப்புறப் பெற்றோரும் இளைஞரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தைப்பிங்கில் கூட்டம் வைத்தால் மழைக்கும் சேர்த்தே அழைப்பு அனுப்பியதாகப் பொருள். இன்றும் அது தவறாமல் வந்துவிட்டது. அந்த மழையையும் பொருட்படுத்தாது பொண்டோக் தஞ்சோங், செலாமா, பாகான் செராய், துரோங் முதலிய இடங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கின்றீர்கள். காலையில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்தோரும் உங்களுள் உளர். ஆகவே, வந்த காரியத்தை விட்டு விலகாமல் பேச விழைகின்றோம்.

அண்மைக் காலமாகப் பெற்றோர் பலர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். பிள்ளையின் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வருகின்றது. கணினி வலையமைப்புத் துறையில் உயர்நிலைச் சான்றிதழ், ஐந்தே நாளில் தீவிரப் பயிற்சி, தேர்ச்சிக்கு உத்தரவாதம், கைநிறையச் சம்பளம் என்று அதில் கண்டிருக்கின்றது. கட்டணமோ பல ஆயிரம் வெள்ளி. "பையன் ஆசைப்படுகிறான், கட்டலாமா ஐயா?" என்பதே அக்கேள்வி. கட்டலாம் என்றோ கூடாது என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்தப் பிள்ளைக்கு, எந்த நேரத்தில், எத்தகைய வகுப்பு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் இத்துறை யாது என்பதைச் சற்றே பார்ப்போம். மலாயாவின் முதல் இருப்புப்பாதை இந்தத் தைப்பிங்கில்தான் தொடங்கிற்று. 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், இங்கிருந்து போர்ட் வெல்டு வரை, சுமார் 13 கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டி ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லப் போட்ட பாதை அது. அத்துறைமுகத்தை இன்று கோலா செபெத்தாங் என்கின்றோம். தண்டவாளம் போட்டுவிட்டால் மட்டும் வண்டி ஓடிவிடுமா? கைகாட்டி வேண்டும், தடம் மாற்றும் ஆள் வேண்டும், எந்த வண்டி எப்போது எந்த நிலையத்திற்கு என்னும் ஒழுங்கு வேண்டும். கணினி வலையமைப்பும் ஏறத்தாழ அத்தகையதே. ஒரு தொழிற்சாலையில் உள்ள கணினிகளை எல்லாம் ஒன்றாக இணைக்கும் கருவியைச் சுவிட்ச் என்பர். அங்கிருந்து வேறோர் ஊருக்கோ நாட்டிற்கோ செய்தியை வழிகாட்டி அனுப்பும் கருவி ரூட்டர். லயத்தில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண் இருப்பதைப் போல, ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. ஒரு வழி அடைபட்டால் ரூட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு மறுவழி காணும். அச்செய்திப் பரிமாற்றத்திற்கான விதிமுறைகளுக்கு ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. என்றெல்லாம் பெயர்கள் உள்ளன. இவற்றை அமைத்து, காத்து, கெட்டால் கண்டுபிடித்துச் சீர்செய்வதே வலையமைப்புப் பொறியாளரின் வேலை. வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும், பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்பேட்டைகளிலும் இத்தகையோர் தேவைப்படுகின்றனர். ஆகவே, பிள்ளை ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை. நல்ல தொழில், நாற்காலித் தொழில்தான் என்றாலும், நள்ளிரவில் வலையமைப்பு நின்றுபோனால் எழுந்து ஓடவேண்டிய தொழிலுங்கூட.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். இத்துறையில் பரவலாக மதிக்கப்படுவது சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் வழங்கும் சான்றிதழ். ஜூனிப்பர், ஹுவாவே போன்ற நிறுவனங்களும் இவ்வாறே வழங்குகின்றன. இவை யாவும் தனியார் நிறுவனச் சான்றிதழ்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நமது அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டு இலாகா வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் வேறு, இது வேறு. சிஸ்கோ சான்றிதழுக்கு மூன்றாண்டே ஆயுள். அதற்குள் மீண்டும் தேர்வு எழுதியோ தொடர்கல்வி பெற்றோ புதுப்பிக்காவிடில் அது காலாவதியாகிவிடும்.

அதில் படிகள் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் முதல் நடப்பிலுள்ள முறைப்படி, அடிப்படையான சி.சி.என்.ஏ. சான்றிதழுக்கு ஒரே தேர்வு. இரண்டு மணி நேரம். அதற்கு மேற்படியாகிய சி.சி.என்.பி. சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகளில் தேறவேண்டும். பெருநிறுவன வலையமைப்புப் பிரிவை எடுத்துக்கொண்டால், 350-401 என்னும் எண்ணுடைய மையத் தேர்வு இரண்டு மணி நேரம். அதனோடு தாமே தெரிவுசெய்யும் சிறப்புப் பாடத் தேர்வு ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றிற்கும் உச்சியில் இருப்பது சி.சி.ஐ.இ. அதற்கு அதே மையத் தேர்வில் தேறிய பின், அதற்கென அமைந்த ஆய்வுக்கூடத்தில் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு. சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 அமெரிக்க டாலர், சி.சி.என்.பி. மையத் தேர்வுக்கு 400 டாலர், சிறப்புப் பாடத்திற்கு 300 டாலர் என்பது அண்மை ஆண்டுகளின் கட்டணம். நம் வெள்ளிக்கு மாற்றினால் மையத் தேர்வு ஒன்றே ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். தவறினால் மறுபடியும் அதே கட்டணம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 2020-க்குப் பிறகு, சி.சி.என்.ஏ. இல்லாதவரும் நேரே சி.சி.என்.பி. தேர்வுக்கு அமரலாம். விதி தடுப்பதில்லை. விளம்பரக்காரர்கள் இதனைப் பிடித்துக்கொண்டு, "முன்தகுதி தேவையில்லை; எவரும் சேரலாம்" என்று அச்சிடுகின்றனர். அது பொய்யன்று. ஆனால், மூன்று முதல் ஐந்தாண்டு வேலை அனுபவம் உடையோரே பெரும்பாலும் இத்தேர்வுக்கு வருகின்றனர் என்று அந்நிறுவனமே கூறுவதை அவர்கள் அச்சிடுவதில்லை. வாயிற்கதவு திறந்திருக்கின்றது என்பதற்காக வீட்டினுள் வழி தெரிந்துவிடுமா?

நாம் அறிந்த குடும்பமொன்றின் கதையை இவ்விடத்தில் சொல்லவேண்டும். பெயரும் தோட்டமும் வேண்டா. தந்தை முப்பதாண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். மகன் எஸ்.பி.எம். முடித்து, கமுந்திங் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவில் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை. விளம்பரத்தைக் கண்டு ஆவலுற்றான். தந்தை தம் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் எட்டாயிரம் வெள்ளியைக் கட்டினார். ஐந்து நாள் வகுப்பு கோலாலம்பூரில். தங்கும் செலவு தனி. முதல் நாள் காலையில் ஆசிரியர் சொன்னது விளங்கிற்று. மாலையில் பாதி விளங்கிற்று. இரண்டாம் நாள் முதல் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதினான். உடன் அமர்ந்திருந்தோர் யாவரும் பல்லாண்டு வேலை பார்த்தவர்கள். ஆசிரியர்மீது குறை சொல்ல இடமில்லை. அவர் அவ்வகுப்பிற்குரிய வேகத்தில்தான் சென்றார். இறுதி நாளில் பொன்னெழுத்திட்ட ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தனர். வீட்டில் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்திற்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வேலைக்கு மனுச் செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது வகுப்புக்கு வந்தார் என்பதற்கான சான்று. தேர்வில் தேறினார் என்பதற்கான சான்று வேறு. அதைச் சிஸ்கோ நிறுவனமே கொடுக்கும். அதற்குரிய தேர்வை அவன் எழுதவே இல்லை.

அத்தந்தை நம்மிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "அஞ்சு நாள்ல சீவக் கத்துக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் ஐயா. இதுக்கு மட்டும் எப்படி நம்பினேன்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியே இன்றைய உரைக்கு நமக்குத் தோன்றாத் துணையாக நிற்கின்றது.

புதிதாக வந்தவரிடம் உளியைக் கொடுத்து நல்ல நிரையில் யாரேனும் விடுவார்களா? கழிக்கப்போகும் கிழமரத்தில் பழகவிடுவர். சரிவு எவ்வளவு, சீவலின் கனம் எவ்வளவு, எங்கே நிறுத்தினால் மரத்தில் காயம்படாது என்பதைக் கை அறிந்துகொள்ளப் பல நாள் ஆகும். காயம்பட்டால் பட்டை முடிச்சு விழும். மறுபட்டை சரியாக வளராது. இவை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியவை அல்ல. ஆனால் பல்லாண்டு சீவிப் பழகிய ஒருவருக்குப் புதிய சீவுமுறை ஒன்றைக் கற்பிக்கவேண்டுமானால் இரண்டொரு நாள் போதும். ஏனெனில் கை முன்பே தயாராக இருக்கின்றது. தீவிரப் பயிற்சி வகுப்பு என்பது அந்த இரண்டாம் ஆளுக்கு உரியது. அறிந்ததை ஒழுங்குபடுத்தி, தேர்வுக்குமுன் கூர்தீட்டித் தருவது அதன் பணி. அந்தப் பணியை நல்ல வகுப்புகள் நன்றாகவே செய்கின்றன. முதலாம் ஆளை அதில் சேர்ப்பதே பிழை.

ஆதலின், பணம் கட்டுமுன் பெற்றோர் தம் பிள்ளையைக் கேட்கவேண்டிய கேள்வி எளியது. "அடிப்படைத் தேர்வில் தேறிவிட்டாயா? உண்மையான ரூட்டரில் கை வைத்து வேலை செய்திருக்கின்றாயா?" இரண்டிற்கும் இல்லை என்றால் உயர்நிலை வகுப்புக்கு இன்னும் காலம் வரவில்லை. அடுத்து, பயிற்சி நிலையத்தாரையும் ஒன்று கேளுங்கள்: "சேர்ப்பதற்குமுன் என் பிள்ளைக்கு ஒரு சோதனை வைப்பீர்களா?" சோதனை வைத்து, "இவர் இன்னும் ஆறு மாதம் படித்துவிட்டு வரட்டும்" என்று திருப்பி அனுப்பும் நிலையம் இருக்குமானால், அதன் முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பைத் தெரிவுசெய்வதில் நாம் எல்லாவற்றிற்கும் முன்னே வைப்பது செய்முறைப் பயிற்சியை. படம்காட்டிப் பேசும் பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். அதற்காகக் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போகவேண்டியதில்லை. பணம் கொடுத்துப் போவது ஆய்வுக்கூடத்திற்காகவும், தவறும்போது பக்கத்தில் நின்று திருத்தும் ஆசிரியருக்காகவும்தான். ஆகவே, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செய்முறை? ஒருவருக்கு ஒரு தொகுதிக் கருவிகளா, நால்வருக்கு ஒன்றா? நால்வருக்கு ஒன்று என்றால் ஒருவர் தட்டச்சு செய்வார், மூவர் வேடிக்கை பார்ப்பர். வகுப்பு முடிந்த பின் வீட்டிலிருந்தே அந்த ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்த எத்தனை நாள் இசைவு உண்டு? ஐந்து நாளில் கேட்டதை ஐந்து வாரம் செய்து பழகினால்தான் அது நிற்கும். இன்னொன்றும் கேட்கவேண்டும்: ஆசிரியர் வேண்டுமென்றே வலையமைப்பைக் கெடுத்துவைத்து, "எங்கே பிழை, கண்டுபிடி" என்று மாணவரிடம் விடுவாரா? வேலையில் வருவது அதுதான். கெட்டதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கட்டளைகளை எவ்வளவு மனப்பாடம் செய்திருந்தும் பயனில்லை.

ஆசிரியர் யார் என்பதையும் பெயரோடு கேளுங்கள். அவர் பெற்ற சான்றிதழ் இன்னும் நடப்பில் உள்ளதா, வகுப்புக்கு வெளியே உண்மையான வலையமைப்பில் வேலை பார்த்தவரா என்பதைக் கேட்பதில் மரியாதைக்குறைவு ஏதுமில்லை. நம்மவர்களுக்கு வாத்தியாரைக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு. இவ்விடத்தில் அந்தக் கூச்சம் வேண்டா. பாடத்திட்டம் எந்தத் தேர்வு எண்ணுக்குரியது, தற்போதைய பதிப்புக்குரியதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். தேர்வுப் பாடங்கள் அவ்வப்போது மாறுகின்றன. பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய தேர்வுக்கு அனுப்பும் நிலையங்களும் உண்டு.

"தேர்ச்சிக்கு உத்தரவாதம்" என்னும் தொடரைப் பற்றி இரண்டு சொல். தேர்வை நடத்துவது பயிற்சி நிலையம் அன்று. எனவே தேர்ச்சியை அது எவ்வாறு உறுதி கூறும்? நேர்மையான நிலையத்தார் அச்சொல்லால் குறிப்பது, தவறினால் வகுப்பில் மறுபடி இலவசமாக அமரலாம் என்பதையே. மறுதேர்வுக் கட்டணம் அதில் அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. நேர்மையற்ற சிலர் வேறொரு வழியை வைத்திருக்கின்றனர். தேர்வு வினாக்களைத் திருட்டுத்தனமாகத் திரட்டி, விடையோடு மனப்பாடம் செய்யக் கொடுப்பர். அவ்வாறு எழுதியது கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிபோவதோடு, மேலும் தேர்வெழுதத் தடையும் வரும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலோ நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும். இரண்டில் எது வந்தாலும் இழப்பு பிள்ளைக்கே.

மொழியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தேர்வுகள் மலாயிலோ தமிழிலோ இல்லை, ஆங்கிலத்தில் எழுதவேண்டும். வினாக்கள் நீளமானவை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் பயின்ற நம் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர் அல்லர்; ஆனால் ஆங்கிலத் தொழில்நூலை விரைந்து வாசிக்கப் பழகவேண்டும். நாள்தோறும் பத்துப் பக்கம் அத்துறை நூலை வாசிப்பது எந்த வகுப்புக் கட்டணமும் இல்லாத பயிற்சி.

சரி, உயர்நிலை வகுப்புக்கு இன்னும் காலம் வராத பிள்ளை என் செய்வது? வழிகள் இருக்கின்றன, அவற்றுள் சில வெள்ளியே கேட்பதில்லை. சிஸ்கோ நிறுவனம் 1997-இல் தொடங்கிய வலையமைப்புக் கல்விக்கழகத்தின் வாயிலாக அடிப்படைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பேக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளையும் அங்கே பெறலாம். கணினித் திரையிலேயே ரூட்டரையும் சுவிட்சையும் வைத்து இணைத்துப் பார்க்கும் கருவி அது; நாம் சொன்ன கிழமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தேர்வுக்கு அது பெரிதும் போதும். உயர்நிலைப் பாடங்கள் அனைத்தையும் அதில் செய்ய இயலாது. நமது நாட்டின் மனிதவள மேம்பாட்டுக் கழகமும் இ-லாத்தே என்னும் இணையத்தளத்தில் இலவசப் பாடங்கள் வைத்துள்ளது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு முறையான தொழிற்கல்வி வேண்டுமாயின், இந்தத் தைப்பிங் வட்டாரத்திலேயே அரசாங்கத்தின் அட்தெக் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கின்றது. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஒமார் போலிடெக்னிக் இயங்கி வருகின்றது. தங்கள் பிள்ளைக்கு ஏற்ற கணினிப் பிரிவு எங்கே உள்ளது என்பதை நேரில் சென்று விசாரியுங்கள். திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் கடன் தருகின்றது. தனியார் நிலையத்தின் ஐந்து நாள் வகுப்புக்கும் அக்கடன் கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால், கழகத்தையே கேட்டுத் தெளிந்த பின் நம்புங்கள்.

வேலையில் இருக்கும் பிள்ளைகள் இன்னொன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிமார் சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை லெவியாகச் செலுத்துகின்றனர். 2021-இல் இது மேலும் பல துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. லெவி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதன்று, முதலாளியே கட்டுவது. அந்நிதியிலிருந்து தொழிலாளரின் பயிற்சிக்குச் செலவிட முதலாளி மனுச் செய்யலாம். பிள்ளை தானே மனுச் செய்ய இயலாது. தன் மேலதிகாரியிடம் கேட்கவேண்டும். கேட்காதவருக்கு யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பல ஆயிரம் வெள்ளி கேட்கும் உயர்நிலை வகுப்புக்கு இதுவே பொருத்தமான வழி என்பது நம் எண்ணம். தந்தையின் சேமநிதி முதுமைக்கு உரியது. தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகவேண்டியதில்லை.

நாம் முன்பு சொன்ன பிள்ளை என்னானான் என்று கேட்பீர்கள். சுவரில் இருந்த சட்டத்தை அவனே கழற்றி வைத்துவிட்டான். இரவு வேலை முடித்து வந்து ஓராண்டுக்கு மேல் அடிப்படைப் பாடங்களைப் படித்தான். முதல் முறை தவறினான். இரண்டாம் முறை சி.சி.என்.ஏ. தேறினான். பினாங்கில் ஒரு நிறுவனத்தில் வலையமைப்புப் பிரிவில் சேர்ந்தான். மூன்றாண்டு கழித்து அந்நிறுவனமே லெவி நிதியிலிருந்து அவனை உயர்நிலை வகுப்புக்கு அனுப்பிற்று. இம்முறையும் ஐந்து நாள்தான். இரண்டாம் நாள் மாலையில் ஆசிரியரோடு வாதாடும் அளவுக்கு விளங்கிற்றாம். மையத் தேர்வில் தேறிவிட்டான். சிறப்புப் பாடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது. தந்தைக்கு அந்த எட்டாயிரத்தை மாதம் முந்நூறாகத் திருப்பிக் கொடுத்து வருகின்றான். அவர் வேண்டாம் என்கிறார்; வாங்கியும் கொள்கிறார்.

மழை விடுவதாகத் தெரியவில்லை. ஆகவே எவரும் அவசரப்பட வேண்டியதில்லை. விளம்பரத் தாள்களையும், கைப்பேசியில் வந்த செய்திகளையும் கொண்டுவந்திருப்போர் மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசிப்போம். முன்வரிசையில் சட்டைப்பையில் மடித்த தாளோடு அமர்ந்திருக்கும் பெரியவர் முதலில் வரட்டும். பணம் கட்ட நாளைதான் கடைசி நாள் என்று அவர் உள்ளே நுழையும்போதே சொன்னார்.